மலையும் மனையும்: கொடைக்கானல் இல்லங்களை முன்வைத்து

அலங்காரம் என்பது யாது? கட்டி முடித்த சுவரின்மேல் பின்னர் ஒட்டப்படுவதா, அன்றிக் கட்டடத்தின் உள்ளிருந்தே மலர்வதா? பழனி மலைத்தொடரில் கொடைக்கானலின் பழைய இல்லங்களைக் காணும்போது இவ்வினாவே நம்முன் எழுகிறது.

ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரில், 1845ஆம் ஆண்டு மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிமார் ‘சன்னிசைடு’, ‘ஷெல்டன்’ என்னும் இரு இல்லங்களை எழுப்பினர். பின்வந்த ஆங்கிலேயரும் பல பங்களாக்களைக் கட்டினர். கனத்த கற்சுவர், செங்குத்தாய்ச் சரியும் கூரை, கணப்படுப்பின் புகைபோக்கி, கண்ணாடியிட்ட தாழ்வாரம் ஆகியன இவற்றின் பொது இலக்கணம். கூரைச் சரிவு மழைக்கு உரிய விடை. கண்ணாடித் தாழ்வாரம் குளிர்காலத்து வெயிலைச் சேர்த்துவைக்கும் உபாயம். இவற்றில் குறை காண்பதற்கில்லை. ஆனால் கூரை விளிம்பில் தொங்கவிட்ட மரச் சித்திர வேலைகள் பிறந்த நாட்டின் ஏக்கமேயன்றி மலையின் மொழி அல்ல.

இதற்கு மாறான நெறியொன்று அமெரிக்காவிலேயே பின்னர்த் தோன்றியது. ஃபிராங்க் லாயிட் ரைட் வளர்த்த ‘பிரெய்ரி’ பாணி, புல்வெளியின் கிடைக்கோட்டையே வீட்டின் இலக்கணமாக்கியது. சிக்காகோவில் 1910இல் நிறைவுற்ற ராபி இல்லத்தில் செங்கற்கள் நீண்டு மெலிந்தவை. கிடைமட்டச் சாந்து வரிகள் எடுப்பாய்த் தெரிய, செங்குத்து இணைப்புகள் செங்கல் நிறத்திலேயே மறைக்கப்பட்டன. சுவரைக் கட்டிய முறையே அங்கு அலங்காரமாயிற்று. சாளரக் கண்ணாடிகளிலோ கோடுகளும் கோணங்களுமே கோலமாயின.

பழனி மலையின் மேட்டுநிலமும் சோலைகளுக்கிடையே புல்வெளி விரிந்த நிலமே. எனினும் ரைட்டின் தாழ்ந்த கூரையை அப்படியே இங்குக் கொணர்வது பிழை. அது சமவெளிக்கெனப் பிறந்தது. கொள்ளத்தக்கது வடிவன்று, நெறியே.

ரைட்டின் பணிமனையில் பணியாற்றியவரும் கான்பெரா நகரை வடிவமைத்தவருமான வால்டர் பர்லி கிரிஃபின் இதனை உணர்ந்திருந்தார். 1935இல் லக்னோ வந்த அவர், பல்கலைக்கழக நூலகத்துக்கும் மஹ்மூதாபாத் ராஜாவின் நூலகத்துக்கும் வடிவம் வரைந்தார். சிக்காகோவை நகலெடுக்காமல், அவ்வூர் வெப்பத்தையும் இந்தியக் கட்டட மரபையும் கருத்திற்கொண்டே வரைந்தார். 1937இல் லக்னோவிலேயே மறைந்தார்.

இந்நெறி நமக்குப் புதிதன்று. கீழக்கரையின் பழைய ஜும்ஆ பள்ளியைக் காண்க. நம் முன்னோர் தமிழகக் கல்தச்சரின் தூணையும் போதிகையையும் தயக்கமின்றி ஏற்றனர். உருவங்களை விலக்கி, பூவையும் கொடியையும் கோலத்தையும் போற்றினர். அரபு நாட்டை நகலெடுக்காமலே அது முழுமையான இறையில்லமாயிற்று. அங்கே அலங்காரம் பாரத்தைத் தாங்கும் கல்லிலேயே பிறக்கிறது.

இன்றோ கொடைக்கானலின் சரிவுகளில், எவ்வூரிலும் நிற்கத்தக்க காங்கிரீட் பெட்டிகள் பெருகியுள்ளன. மலையை வெட்டிச் சமன்செய்த பின்னரே அவை தொடங்குகின்றன. நம் ஊர்ப் பள்ளிவாசல்களிலும் நூற்றாண்டுக் கற்றூண்கள் அகற்றப்பட்டு, ஆயத்தக் குவிமாடங்கள் ஏற்றப்படுவதைக் காண்கிறோம். இரண்டும் ஒரே நோயின் இரு குறிகள்: இடத்தை மறந்து, பகட்டை அழகென்று மயங்குதல்.

மிஷனரியின் கூரையில் மழையறிவு உண்டு. ரைட்டின் சுவரில் நிலத்தின்மீது மரியாதை உண்டு. கீழக்கரைக் கல்லில் அடக்கமும் உண்டு. மலையில் மனை எழுப்புவோரும் ஊரில் பள்ளி புதுக்குவோரும் இம்மூன்றையும் கற்ற பின்னரே பழையதை இடிக்கத் துணியவேண்டும். இறைவன் படைத்த மலையினும் உயர்ந்த அலங்காரத்தை எந்தச் சுவரும் தாங்கப்போவதில்லை.