பேராசிரியர் ஆன கவிஞர்

1840இல் கிறிஸ்தியானியா, அதாவது இன்றைய ஓஸ்லோ, பல்கலைக்கழகம் ஒரு கவிஞரைத் தத்துவ விரிவுரையாளராக நியமித்தபோது எதிர்ப்பு கிளம்பியது. இறையியல் படிக்க வந்து பாதியில் விட்டவர். கையில் பட்டம் இல்லை. ஆனால் யோஹான் செபாஸ்தியான் வெல்ஹாவென் என்ற பெயரை அந்த நகரில் அறியாதவர் இல்லை.

அவர் பிறந்தது 1807இல், மேற்குக் கரைத் துறைமுகமான பெர்கனில். தந்தை அங்குள்ள தொழுநோய் மருத்துவமனையில் பாதிரியார். 1825இல் தலைநகருக்குப் படிக்கச் சென்றவர் அங்கே தம்மைவிட ஆறு மாதம் இளையவரான ஹென்ரிக் வெர்கெலானைச் சந்தித்தார். நோர்வே இலக்கியத்தின் மிகப் பெரிய சண்டை அங்கேதான் மூண்டது. 1814 வரை டென்மார்க்குடன் இணைந்திருந்த நாடு அது. பழைய உறவை அறுத்துத் தனித்து எழ வேண்டும் என்றார் வெர்கெலான். டேனிஷ் இலக்கியப் பண்பாட்டை உதறினால் நாடு வறண்டுபோகும், கவிதைக்கு வடிவ ஒழுங்கு வேண்டும் என்றார் வெல்ஹாவென். 1834இல் வெளிவந்த ‘நோர்வேயின் விடியல்’ என்ற அவருடைய நூலில் 76 சொனெட்டுகள். சொந்த நாட்டின் பண்பாட்டு வறுமையை அவை நேருக்கு நேர் சாடின. தேசபக்தர்கள் கொதித்தார்கள்.

இந்தச் சண்டையோடு அவரை முடித்துவிடுவது இலக்கிய வரலாறுகளில் அடிக்கடி நடக்கிறது. அது நியாயமில்லை.

வேலை கிடைத்த அதே 1840இல் அவர் காதலித்த ஈடா ஷெரூல்ஃப் இறந்தார். அதற்கு முன்பு, வெர்கெலானின் தங்கையும் பின்னாளில் புகழ்பெற்ற நாவலாசிரியருமான கமில்லா கொலெட்டுக்கு அவர்மீது இருந்த காதலும் கைகூடவில்லை. பட்டிமன்றக் குரல் அடங்கி, இழப்பும் நினைவும் இயற்கையும் பேசும் கவிதைகள் இதன் பிறகே பெருகின. 1845, 1848, 1851 என அடுத்தடுத்து தொகுப்புகள் வந்தன. 1846இல் அவர் பேராசிரியரும் ஆகிவிட்டார். கல்விப்பணி கவிஞனைக் கொன்றுவிடும் என்போர் இந்தப் பத்தாண்டைக் கவனிக்க வேண்டும். ஈடாவின் சகோதரர் ஹால்ஃப்தான் ஷெரூல்ஃப், நோர்வேயின் முக்கியமான இசையமைப்பாளர். வெல்ஹாவெனின் கவிதைகள் பலவற்றுக்கு அவர் மெட்டமைத்தார்.

பேராசிரியராக அவர் விட்டுச்சென்ற நிலையான பங்களிப்பு தத்துவத்தில் இல்லை, இலக்கிய ஆராய்ச்சியில் இருக்கிறது. பெர்கனில் பிறந்து கோபன்ஹேகனில் புகழ்பெற்ற நாடகாசிரியர் ஹோல்பெர்கைப் பற்றி 1854இலும், டேனிஷ் கவிஞர் எவால்டையும் நோர்வேக் கவிஞர்களையும் பற்றி 1863இலும் ஆய்வு நூல்கள் எழுதினார். இரு நாடுகளுக்கும் பொதுவான இலக்கியச் செல்வத்தைக் காட்டுவதே நோக்கம். இளமையில் சொனெட்டில் வாதாடியதை முதிர்ந்த வயதில் சான்றுகளோடு நிறுவினார் என்று கொள்ளலாம். 1873இல் மறைந்தார்.

கவிஞரே பேராசிரியராகும் அந்த மரபு அவரோடு நிற்கவில்லை. பெர்கனில் பிறந்த இன்னொரு கவிஞர் கியோர்க் யொஹான்னெசென் (1931–2005) அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் சொல்வன்மைக்கலைப் பேராசிரியரானார். ஏழு கொடும்பாவங்களை வாரத்தின் ஏழு நாட்களோடு பிணைத்து 49 கவிதைகள் கொண்ட நூலை 1965இல் தந்தவர்; சீனக் கவி து ஃபூவை நோர்வேஜிய மொழிக்குக் கொண்டுவந்தவர். அரசியலில் இடதுசாரி, வெல்ஹாவெனுக்கு நேரெதிர். ஆனால் சொந்த நாட்டாரின் சிந்தனைப் போக்கை ஈவிரக்கமின்றி விமர்சித்ததில் இருவரும் ஓரினம்.

ஓஸ்லோவிலும் பெர்கனிலும் நோர்வேஜிய மொழியில் படித்து வளர்ந்த ஈழத்தமிழ்த் தலைமுறை ஒன்று இன்று இருக்கிறது. வெல்ஹாவெனின் 1840களின் கவிதைகளை ஆங்கிலத்தின் வழியே அல்லாமல் நேரடியாகத் தமிழுக்குத் தர அவர்களில் சிலர் முன்வர வேண்டும்.