நாட்காட்டிப் படங்களும் திருவுருவ மரபும்

உருவமில்லாத இறைவன் உயிர்கள்மேல் வைத்த கருணையினால் உருவங்கொள்கின்றான் என்பது சைவசித்தாந்தத் துணிபு. ஆலயத்தையும் அரனெனவே கண்டு வழிபடுமாறு சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் பணிக்கின்றது. ஆகலின் தெய்வவுருவை எழுதும் ஓவியன் கண்ணுக்கு இன்பஞ் செய்வதோடு அமைதல் கூடாது. காண்பவர் நெஞ்சை வழிபாட்டில் நிறுத்துதல் வேண்டும். விருதுநகர் மாவட்டச் சிவகாசியில் அச்சாகும் நாட்காட்டிப் படங்களையும் இவ்வளவுகோல் கொண்டே நோக்குதல் தகும்.

சிவகாசியின் அச்சுத்தொழில் தீப்பெட்டியின் வழிவந்தது. 1923ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித்தொழில் கற்று மீண்டனர். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டும் வண்ணச் சீட்டுகளை அச்சிட எழுந்த அச்சகங்கள், பின்னர்த் தெய்வப்படந் தாங்கிய நாட்காட்டிகளை நாடெங்கும் அனுப்பலாயின. அப்படங்களை எழுதியவருள் தலைசிறந்தவர் கோவில்பட்டிச் சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப்பள்ளியில் பயின்ற அவர், நாடகக் குழுவொன்றுக்குத் திரைச்சீலை எழுதிவந்து, 1940களில் கோவில்பட்டியில் தங்கி மாணாக்கர் பலரைப் பயிற்றினார்.

நாடகத்திரையின் பயிற்சி அவர் படங்களில் நன்கு புலப்படும். பின்னே மலையும் நீரும் வானும் விரியும். முன்னே தெய்வம் நேர்முகமாக நின்று காண்பவரையே நோக்கும். அந்நோக்கே அவர் கலையின் உயிர். கருவறைமுன் நிற்பவன் பெறும் காட்சியும் அதுவேயன்றோ? 1899ஆம் ஆண்டில் இதே சிவகாசியில், விசுவநாதசுவாமி கோயிலுள் நுழையும் உரிமை பற்றி நாடார்க்கும் பிற வகுப்பார்க்கும் பெருங்கலகம் விளைந்தது. கோயில்வாயிலின் பொருட்டுக் குருதி சிந்திய அவ்வூரிலிருந்தே, எவர் வீட்டுச் சுவரிலும் வந்து நின்று அருள்நோக்கஞ் செய்யும் திருவுருவங்கள் புறப்பட்டன. இக்கலையைச் சந்தைச்சரக்கென்று இகழ்வார் இவ்வரலாற்றை எண்ணிப்பார்த்தல் நலம்.

எனினும் குறையொன்றுண்டு. திருப்பரங்குன்றத்து முருகன் அமர்ந்தருள்கின்றான். பழனியில் தண்டேந்தி நிற்கின்றான். தலந்தோறும் வேறுபடும் இவ்விலக்கணங்கள், ஒரேவகைச் செம்மை முகத்திலும் மிகையான அணிகளிலும் நாட்காட்டிகள் பலவற்றில் மறைந்தொழிகின்றன. கொண்டையராஜுவின் காலத்தவரான சில்பி (1919–1983) இதற்கு மாற்றான நெறியில் நின்றவர். ஆனந்த விகடனில் வெளிவந்த ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ வரிசைக்காகக் கோயில்தோறுஞ் சென்று, சிற்பத்தின் எதிரே அமர்ந்து, படைக்கலமும் அணியும் கைக்குறியும் பிறழாது கோடுகளால் எழுதினார். அவர் சித்திரம் திருமேனியின் இலக்கணத்தைக் காத்தது; கொண்டையராஜுவின் படம் திருமேனியின் நோக்கத்தைக் காத்தது.

ஆண்டு கழிந்து தாள்களெல்லாங் கிழிந்தபின்னும், படத்தை எறிய மனமின்றிச் சட்டமிட்டு விளக்கேற்றும் இல்லங்கள் இன்றும் பல. அவ்விளக்கை ஏற்றுவோர் ஓவியன் பெயரை அறியார். அப்படத்தில் உள்ளதையே தெய்வத்தின் உருவமென நம்புகின்றனர். அந்நம்பிக்கைக்குப் பிழைசெய்யாமை இன்று கணினியில் திருவுருவம் எழுதும் இளைஞர்க்கும் கடனாம். அவர்கள் நோக்கத்தைக் கோவில்பட்டியாரிடமும் இலக்கணத்தைச் சில்பியிடமும் கற்பாராயின், அச்சுத்தாளும் வழிபாட்டுக்குரிய இடமாகும்.