800 பக்கம் எழுதியும் ஏன் புரியவில்லை?

"கஸ்டமருக்கு என்ன வேணும்னு கஸ்டமருக்கே தெரியாது." மென்பொருள் எழுதுறவங்க அடிக்கடி புலம்புறது இது. மரத்துல ஊஞ்சல் கட்டுற அந்தப் பழைய கார்ட்டூனையும் கூடவே அனுப்புவாங்க. எனக்கு இந்தப் புலம்பல் மேல அவ்வளவா நம்பிக்கை இல்லை.

அமெரிக்க எஃப்.பி.ஐ.யின் 'விர்ச்சுவல் கேஸ் ஃபைல்' கதையை எடுத்துக்குங்க. காகிதத்தில் இருந்த வழக்குக் கோப்புகளைக் கணினிக்கு மாற்றும் திட்டம். 2001-ல் எஸ்.ஏ.ஐ.சி. நிறுவனத்திடம் கொடுத்தார்கள். ஏஜென்ட்களும் பொறியாளர்களும் மாதக்கணக்கில் சேர்ந்து உட்கார்ந்து பேசினார்கள். தேவைகளை எழுதிய ஆவணம் 800 பக்கத்தைத் தாண்டியது. பேச்சு குறைவுன்னு யாரும் சொல்ல முடியாது.

என்ன பேசினாங்க என்பதில்தான் சிக்கல். திரையில் என்ன பொத்தான், அதன் மேல் என்ன பெயர் என்கிற அளவுக்கு எழுதி வைத்தார்கள். அதெல்லாம் தீர்வு, தேவை அல்ல. "இந்தப் பொத்தானை வெச்சு நீங்க என்ன வேலை முடிக்கணும்?" என்ற கேள்வி அதற்கு முன்னால் வரணும்.

2003 டிசம்பரில் வந்த மென்பொருளை எஃப்.பி.ஐ. ஏற்கவில்லை. நீங்க தப்பா செஞ்சீங்க, நீங்க மாத்திக்கிட்டே இருந்தீங்க என்று சண்டை. நடுவர் 59 குறைகளைப் பிரித்துப் பார்த்தார்: 19 எஃப்.பி.ஐ. தன் தேவையை மாற்றியதால் வந்தவை, 40 நிறுவனத்தின் பிழைகள். (கஸ்டமரைத் திட்டுறவங்க இந்தக் கணக்கை ஒரு தடவை பாக்கலாம். அதுக்காக 19-ம் சின்ன எண்ணிக்கை இல்லை.) 2005-ல் திட்டத்தையே மூடிட்டாங்க. செலவு சுமார் 17 கோடி டாலர்.

அடுத்து வந்த 'சென்டினல்' திட்டமும் தடுமாறியது. 2010-ல் எஃப்.பி.ஐ. அதைத் தன் கைக்கே எடுத்துக்கொண்டு, ரெண்டு ரெண்டு வாரமா கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி, ஓடுற மென்பொருளையே காட்டிக் கருத்து கேட்டது. 2012-ல் அது பயன்பாட்டுக்கு வந்தது.