பெக் சொல்லாத தூரம்

லண்டன் பாதாள ரயிலுக்கு ஹாரி பெக் 1931இல் வரைந்த படம், 1933இல் பயணிகள் கைக்கு வந்தது. கிடைக்கோடு, செங்குத்துக்கோடு, 45 பாகைச் சாய்வு, அவ்வளவுதான். நெரிசலான நகர மையத்தை விரித்தார், புறநகரைச் சுருக்கினார். தூரத்தைத் தூக்கிக் கடாசிவிட்டார். சுரங்கத்துக்குள் போகிறவருக்கு எங்கே ஏறணும், எங்கே மாறணும் என்பதுதானே கேள்வி?

மென்பொருள் எழுதுகிறவனாக இந்தத் துணிச்சலைக் கொண்டாடுகிறேன். ரயில் பைத்தியமாக ஒரு புகார் உண்டு. லெஸ்டர் ஸ்கொயருக்கும் கோவென்ட் கார்டனுக்கும் நடுவே சுமார் 260 மீட்டர்தான். படத்தைப் பார்த்தால் அது தெரியாது. அதை நம்புகிற புதியவர் காசு கொடுத்து, ஆழத்துக்கு இறங்கி, லிஃப்டுக்குக் காத்திருந்து மேலே வருகிறார். நடந்திருந்தால் முன்பே போய்ச் சேர்ந்திருப்பார்.

பெக்கின் படம் ரயிலைப் புரியவைக்கிறது. ஊரைப் புரிந்துகொள்ள, அதை மடித்துப் பையில் வைத்துவிட்டு அந்த 260 மீட்டரை ஒருமுறை நடந்தே பார்க்கணும்.