ஒரே விசை, இரண்டு எழுத்து

பிரிக்பீல்ட்ஸ் அச்சுக்கடை ஒன்றில் கல்யாணப் பத்திரிகை தயாராகிறது. ‘நண்பர்களுடன் வந்து’ என்று தட்டுகிறார்கள், முரசு அஞ்சல் மென்பொருளில். அதில் ‘என்’ (n) விசையைக் கொஞ்சம் கவனியுங்கள். சொல்லின் முதலில் தட்டினால் ‘ந்’. கடைசியில் தட்டினால் ‘ன்’. அடுத்து ‘டி’, ‘எச்’ (th) வந்தாலோ, விழுந்த ‘ன்’ சத்தமில்லாமல் ‘ந்’ ஆகிவிடும்! றன்னகரம், அதாவது ‘ன’, சொல்லுக்கு முதலில் வராது என்று பள்ளியில் தொண்டை வறளச் சொன்னார்களே, அதேதான். ‘இப்படியென்றால் இது, இல்லையேல் அது’: 1854இல் கணிதவியலாளர் ஜார்ஜ் பூல் இந்தத் தர்க்கத்தைக் கணக்காக்கினார், நிரல் அதைக் கட்டளையாக்குகிறது. நமக்கு அந்தச் சொல்முதல் விதியைச் சொன்ன தொல்காப்பியரே போதும் என்பேன். முரசு, மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கியது. இன்று ஆப்பிள் மேக் கணினியிலேயே அஞ்சல் விசைமுறை இருக்கிறது.