எலும்புக்கூட்டின் ஜெராக்ஸ்

நண்பன் ஒருவன் மூணு வருஷமாக ஒரு படம் எடுத்துக்கொண்டிருக்கிறான். தாலுகா ஆபீஸ் எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை, அதை நடத்தும் ஒரு ஆள், அவ்வளவுதான் கதை. படத்தின் பெயரை இப்போது எங்கேயும் எழுதக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான். பகலில் கோட் எழுதிவிட்டு ராத்திரி இங்க்ஸ்கேப்பில் எதையாவது வரைந்துகொண்டிருக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதனால் டைட்டில் லோகோ என் தலையில் விழுந்தது. ரெண்டு சனி ஞாயிறு உட்கார்ந்து செய்தேன். ஒரு துணைக்காலைப் பேனாவாக மாற்றினேன். அதன் மூடியைப் பக்கத்து எழுத்தின் புள்ளியாக வைத்தேன். நிழல், மினுமினுப்பு எல்லாம் கொடுத்தேன். நானே வால்பேப்பராக வைத்துக்கொள்ளும் அளவுக்கு நன்றாக வந்தது. அவன் போனில் பெரிதாக்கிப் பார்த்தான்.

"நல்லாருக்கு மச்சி. இந்தப் பேனா படத்துல எங்கடா வருது?"

வரவில்லை. "கடை மேஜையில நூல் கட்டி ஒரு பேனா தொங்கவிடலாமே, எல்லா ஜெராக்ஸ் கடையிலயும் இருக்குமே" என்று சமாளித்தேன். "உன் லோகோவுக்காக நான் சீன் எழுதணுமா?" என்றான். கோபமெல்லாம் இல்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டான். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எனக்குப் பிடித்த சினிமா லோகோக்களை ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏற்றி அதே கேள்வியைக் கேட்க ஆரம்பித்தேன்: நீ படத்துல எங்க வர்ற?

முதலில் நிறுத்தியது 'ஜுராசிக் பார்க்'. இந்தப் படத்தைப் பார்ப்பதற்குப் பல வருஷம் முன்பே அதன் லோகோவை எனக்குத் தெரியும். வகுப்பில் ஒரு பையனின் ஜியாமெட்ரி பாக்ஸில் ஸ்டிக்கராக இருந்தது. மேலே எழுதியிருந்த ஆங்கிலத்தை எங்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. சிவப்பு, மஞ்சள், கறுப்பு, பக்கவாட்டில் வாயைப் பிளந்து நிற்கும் ஒரு எலும்புக்கூடு. அது போதுமாக இருந்தது.

அந்த எலும்புக்கூட்டை வரைந்தவர் சிப் கிட். சினிமாக்காரர் இல்லை, நியூயார்க்கில் நாஃப் பதிப்பகத்தில் புத்தக அட்டை வடிவமைப்பவர். மைக்கேல் கிரைட்டனின் நாவல் 1990இல் வெளிவந்தது. அதன் அட்டைக்காக அவர் செய்த வேலையைப் பின்னாளில் மேடையில் விவரித்திருக்கிறார். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போகிறார். அங்கே பரிசுப் பொருள் கடையில் ஒரு புத்தகம் வாங்குகிறார். அதில் ஒரு பக்கத்தின் ஓரத்தில் டி-ரெக்ஸ் எலும்புக்கூட்டின் படம். அதை ஃபோட்டோஸ்டாட் எடுக்கிறார், மேலே டிரேசிங் பேப்பரை ஒட்டுகிறார், ரேப்பிடோகிராஃப் பேனாவால் எலும்பு எலும்பாக மறுபடி கட்டுகிறார்.

இன்ஜினியரிங் டிராயிங் வகுப்பில் அந்தப் பேனாவோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும், அது தயங்கினால் மை கொட்டும். மெல்லிய சாய்வு, நிழல் எதுவும் அதில் வராது. கறுப்பு அல்லது வெள்ளை, ஒன்று அல்லது பூஜ்யம். அந்த அட்டைப் படத்தின் பலத்தில் பாதி, கருவி அனுமதிக்காத விஷயங்களிலிருந்து வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. என் பேனாவுக்கு இங்க்ஸ்கேப் எல்லாவற்றையும் அனுமதித்தது.

பிறகு யுனிவர்சல் நிறுவனம் அந்தப் படத்தைப் பயன்படுத்தும் உரிமையை வாங்கியது. வட்டம், அடியில் காட்டின் நிழலுரு, குறுக்கே பெயர்ப்பட்டை எல்லாம் சேர்ந்தன. 1993 ஜூனில் ஸ்பீல்பெர்க்கின் படம் வெளியானது. போஸ்டரில் கறுப்புப் பின்னணியும் இந்த லோகோவும் மட்டும்தான். நடிகர் முகம் கிடையாது. உயிரோடு ஒரு டைனோசர்கூடக் கிடையாது.

லோகோ என்றால் எளிமையாக இருக்க வேண்டும் என்பது டிசைன் பாடத்தின் முதல் வரி. நாங்கள் ஆபீஸில் ஒரு ஐகானைச் சோதிப்பதே அதைப் பதினாறு பிக்சலுக்குச் சுருக்கித்தான். பிரவுசர் டேபின் மூலையில் அது என்னவென்று தெரிகிறதா என்று பார்ப்போம். ஜுராசிக் எலும்புக்கூட்டை அப்படிச் சுருக்கிப் பார்த்தேன். விலா எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கரியாகிவிடுகின்றன. ஆனால் தாடை மிஞ்சுகிறது. பெரிய மண்டை, திறந்த வாய், வளைந்த கழுத்து. விவரம் அழிந்த பிறகும் வெளிக்கோடு வேலை செய்கிறது. ஆக எளிமை விதியை அது பாதி மீறி, பாதி காப்பாற்றுகிறது. இது லோகோவின் வடிவம் சரியாக வேலை செய்கிறது என்பதைத்தான் சொல்கிறது. சரியாக வேலை செய்யும் ஆயிரம் லோகோக்களை நாம் மறந்திருக்கிறோம். இது ஏன் மனசில் நின்றது?

நண்பனின் கேள்விக்கு இந்த லோகோவிடம் பதில் இருக்கிறது, அதனால்தான் என்று நினைக்கிறேன். படத்துல எங்க வர்ற? எல்லா இடத்துலயும். ஜீப்பின் கதவில் இருக்கிறது. சுற்றிப் பார்க்கும் கார்களில் இருக்கிறது. அது யுனிவர்சலின் லோகோவாக இருப்பதற்கு முன்னால் ஜான் ஹாமண்டின் லோகோ. அந்தக் கிழவர் தன் பூங்காவுக்காகக் காசு கொடுத்துச் செய்து வாங்கிய வணிகச் சின்னம். எல்லாம் கைமீறிப் போன பிறகு அவர் உருகும் ஐஸ்கிரீமைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சி ஞாபகம் இருக்கிறதா? அங்கே போகும் வழியில் கேமரா பூங்காவின் பரிசுக் கடையை மெதுவாகத் தடவிக்கொண்டு போகும். டி-ஷர்ட், டிபன் பாக்ஸ், பொம்மை, எல்லாவற்றிலும் இதே எலும்புக்கூடு. வாங்க ஆளில்லை. அதற்கு முன்பே மால்கம் ஹாமண்டைக் குத்திக்காட்டியிருப்பார்: கண்டுபிடித்ததைப் புரிந்துகொள்வதற்குள் காப்புரிமை வாங்கி டிபன் பாக்ஸில் அச்சடித்து விற்கிறீர்கள் என்று. அதே டிபன் பாக்ஸ் அந்த வருஷம் நிஜக் கடைகளிலும் விற்றது. என் வகுப்புப் பையனின் ஸ்டிக்கரும் ஹாமண்டின் சரக்குதான். படம் வியாபாரத்தைக் கிண்டல் செய்துகொண்டே அந்த வியாபாரத்தைச் செய்தது. இதைப் போலித்தனம் என்று ஒதுக்கலாம்தான். எனக்கு அப்படி ஒதுக்க மனசு வரவில்லை. தன் லோகோவைத் தானே இவ்வளவு சந்தேகத்தோடு பார்த்த படம் எனக்கு வேறு தெரியாது.

கடைசிக் காட்சியை யோசித்துப் பாருங்கள். பார்வையாளர் மையத்தின் கூடத்தில் எலும்புக்கூடுகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உயிரோடு ஒரு டி-ரெக்ஸ் உள்ளே நுழைகிறது. ராப்டரைக் கவ்வித் தூக்கி எறிகிறது. அது போய் மோதுவது டி-ரெக்ஸ் எலும்புக்கூட்டின் மேல். எலும்புகள் பொலபொலவென்று சரிகின்றன. முதல் தடவை பார்த்தபோது எனக்கு அது சண்டைக்காட்சி மட்டும்தான். இப்போது பார்த்தால் அங்கே உடைவது போஸ்டரில் இருந்த உருவம். சதை வந்து எலும்பை உடைக்கிறது. ஹாமண்டின் பிராண்டை ஹாமண்டின் சரக்கே உடைக்கிறது. லோகோவை டைட்டில் கார்டோடு விட்டுவிடாமல் கதையின் கடைசி அடிவரை கொண்டுபோயிருக்கிறார்கள்.

இந்த லோகோவில் எனக்கு உறுத்தும் ஒன்றையும் சொல்ல வேண்டும். எழுத்து. அது நியூலாண்ட். 1923இல் ஜெர்மனியில் ருடால்ஃப் கோக் உருவாக்கியது. முன்கூட்டி வரைந்து பார்க்காமல் நேரடியாக உலோகத்தில் செதுக்கினார். அந்த முரட்டுத்தனம் உளியின் முரட்டுத்தனம். ஆனால் அமெரிக்காவில் அது போய்ச் சேர்ந்த இடம் வேறு. காடு, ஆப்பிரிக்கா, 'காட்டுமிராண்டி' என்று வந்தால் கைதானாக நியூலாண்டை எடுக்கும் பழக்கம் ஒன்று அங்கே உருவானது. இதை ராப் ஜாம்பியெட்ரோ 2004இல் விரிவாக விமர்சித்திருக்கிறார். ஜுராசிக் பார்க் அந்தப் பழக்கத்தைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டது. ஹாமண்டைப் போன்ற ஒரு பணக்காரர் தன் பூங்காவுக்கு இந்த ஃபான்டைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார் என்று வாதாடலாம். கொஞ்சம் வசதியான வாதம்.

அடுத்தடுத்த பாகங்களில் இந்த லோகோவின் கதி சுவாரஸ்யமானது. 2001இல் வந்த மூன்றாம் பாகத்தில் எலும்புக்கூட்டையே மாற்றினார்கள், டி-ரெக்ஸ் போய் ஸ்பைனோசாரஸ் வந்தது. யாருக்காவது நினைவிருக்கிறதா? 2015இல் 'ஜுராசிக் வேர்ல்ட்' அதை உலோகப் பளபளப்பில் வார்த்தது. அந்தப் படத்தில் கட்டுப்பாட்டு அறை ஊழியன் ஒருவன் பழைய லோகோ போட்ட டி-ஷர்ட்டை இ-பேயில் 150 டாலருக்கு வாங்கிப் போட்டுக்கொண்டு வருவான். ஆட்கள் செத்த இடம் அது, இதையா போடுவாய் என்பதுபோல மேலதிகாரி முகம் சுளிப்பாள். புது லோகோவுக்குப் படத்தில் அப்படி ஒரு காட்சிகூடக் கிடைக்கவில்லை.

'கோஸ்ட்பஸ்டர்ஸ்' (1984) கேள்விக்குச் சுலபமாகப் பதில் சொல்லிவிடும். தடைக் குறிக்குள் மாட்டிய பேய். படத்துக்குள் ஒரு சின்ன கம்பெனி, அதற்கு ஒரு போர்டு வேண்டும், காரில் ஒட்ட வேண்டும், சட்டைக் கையில் தைக்க வேண்டும். அந்த மூவருக்கும் ஒரு லோகோ தேவைப்பட்டது, அதனால் அது இருக்கிறது. இந்தத் 'தேவைப்பட்டது' என்பதைப் பிடித்துக்கொண்டு ஒரு கொள்கையே எழுதிவிடலாம் என்று உற்சாகமாக இருந்தேன். அப்போதுதான் 'காட்ஃபாதர்' வந்து நின்றது.

பொம்மலாட்டக்காரனின் கை, அதிலிருந்து இறங்கும் நூல்கள். எஸ். நீல் ஃபுஜிடா 1969இல் மாரியோ பூஸோவின் நாவல் அட்டைக்கு வரைந்தது, 1972இல் படத்துக்கும் வந்தது. கார்லியோனே குடும்பத்துக்கு லோகோ தேவைப்படாது. அவர்கள் தொழிலில் போர்டு மாட்டுவது உடம்புக்கு ஆகாது. படத்தின் கதைக்குள் யாரும் அந்தக் கையைப் பார்ப்பதில்லை. நண்பனின் கேள்விக்கு நேரடியான பதில் இல்லை. ஆனாலும் நாலைந்து காட்சி ஓடியதுமே அந்தக் கை யாருடையது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. மைக்கேல் தனக்கு இதெல்லாம் வேண்டாம் என்று ஒதுங்கி நிற்கும்போது நூல் எங்கே கட்டியிருக்கிறது என்றும் தெரிகிறது. அங்கே லோகோ பொருளாக வரவில்லை, நடக்கிற விதமாக வருகிறது. ஆகவே என் கொள்கை பாதியில் உடைந்தது, பரவாயில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். ஜுராசிக், காட்ஃபாதர் ரெண்டுமே எழுதி முடித்த ஒரு கதைக்காக வரையப்பட்டவை. வரைந்தவரின் முன்னால் முழு நாவல் இருந்தது.

நம் ஊர் டைட்டில் டிசைனரிடம் என்ன இருக்கிறது? பெரும்பாலும் ஹீரோவின் பிறந்தநாள் தேதி இருக்கிறது. டைட்டில் லுக் அன்றைக்கு வந்தாக வேண்டும். கதை இன்னும் டிஸ்கஷனில் இருக்கலாம். கையில் இருப்பது பெயரும் 'ரூரல் ஆக்‌ஷன்' என்ற ரெண்டு வார்த்தையும். தமிழ் எழுத்து வேறு ஆசை காட்டும். கொம்பு, சுழி, துணைக்கால், புள்ளி என்று மாட்டிவிட அத்தனை கொக்கிகள். துணைக்கால் துப்பாக்கி ஆகிறது, கொம்பு அரிவாள் ஆகிறது, புள்ளியில் தோட்டா பாய்கிறது. எழுத்தும் பொருளும் பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன என்பதைத் தவிர அங்கே வேறு சேதி கிடையாது. அந்த டிசைனர்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. கதையைக் கடைசிவரை கேட்ட பிறகும் நான் துணைக்காலைப் பேனாவாக்கியவன்.

தமிழில் எனக்கு முதலில் ஞாபகம் வரும் சின்னம் எந்தப் படத்துடையதும் இல்லை. 'அண்ணாமலை'யில் (1992) தொடங்கி ரஜினி படங்களின் ஆரம்பத்தில் ஒளிப்புள்ளிகளாக எழுத்து எழுத்தாய் விழுமே, அந்த சூப்பர் ஸ்டார் கார்டு. டிசைன் என்று பார்த்தால் பொருட்காட்சி சீரியல் செட் மாதிரிதான். ஆனால் அது யாருக்குத் தேவைப்படுகிறது என்பதில் குழப்பமே இல்லை. கூச்சலிட ஒரு இடம் தேடிக்கொண்டிருக்கும் முதல் நாள் கூட்டத்துக்கு ஒவ்வொரு எழுத்தும் ஒரு விசில். படங்கள் மாறிக்கொண்டே போயின, கார்டு நின்றுவிட்டது.

போன மாதம் நண்பனோடு அவன் படம் எடுத்த ஜெராக்ஸ் கடைக்கே போனேன். பேனாவைத் தூக்கிப் போட்டாயிற்று. சாதாரண ஃபான்டில் பெயரை ஒரு ஏ4 தாளில் பிரின்ட் எடுத்துக் கொண்டுபோயிருந்தோம். கடைக்காரரிடம் அதை ஒரு காப்பி, அந்தக் காப்பியை ஒரு காப்பி என்று எடுத்துக்கொண்டே போகச் சொன்னோம். "எதுக்கு தம்பி, ஒரிஜினல்தான் இருக்கே" என்றார். அவன் படமே அதைப் பற்றியதுதான் என்று அவரிடம் எப்படி விளக்குவது. நாலாவது காப்பியில் ஓரங்கள் சொரசொரப்பாயின. ஏழாவதில் சுழிக்குள் கறுப்பு அடைத்துக்கொண்டது. பதினொன்றாவதில் எழுத்து எலும்பாகிவிட்டது, கடைசி எழுத்தின் புள்ளியைக் காணவில்லை. புள்ளி போனதும் பெயர் வேறு மாதிரி வாசிக்கிறது, அர்த்தமே இல்லாத ஒரு சொல். நண்பனுக்கு அதுதான் வேண்டுமாம். புள்ளியைக் கையால் வைத்துவிடலாம் என்கிறேன் நான். இருபத்திரண்டு ரூபாய் கொடுத்துவிட்டு ரெண்டு தாளையும் எடுத்துக்கொண்டு வந்தோம், இன்னும் முடிவாகவில்லை.