கேட்டால் அனுபவம், சொன்னால் சார்பு

2019 ஜூலை 17. பிபிசியின் காலைச் செய்தி நிகழ்ச்சியில் இரண்டு தொகுப்பாளர்கள் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். ஒருவர் டான் வாக்கர். மற்றவர் நாகா முன்செட்டி. அவருடைய தாய் இந்தியாவிலிருந்தும் தந்தை மொரீஷியசிலிருந்தும் இங்கிலாந்தில் குடியேறியவர்கள். அதற்கு மூன்று நாள் முன்புதான் டொனால்ட் டிரம்ப், அமெரிக்க நாடாளுமன்றத்தின் பெண் உறுப்பினர்களைக் குறிவைத்து, வந்த நாட்டுக்கே திரும்பிப் போகலாமே என்ற பொருளில் ட்வீட் போட்டிருந்தார். அவர் குறிவைத்த நால்வரும் வெள்ளையரல்லாதவர்கள். நால்வரும் அமெரிக்கக் குடிமக்கள், மூவர் அங்கேயே பிறந்தவர்கள்.

வாக்கர் இதைப் பற்றி நாகாவிடம் கேட்கிறார். வெள்ளையரல்லாத பெண்ணான தன்னிடம் 'வந்த இடத்துக்கே போ' என்று சொல்லப்பட்ட ஒவ்வொரு முறையும் அதற்குள் இனவெறி இருந்தது என்கிறார் நாகா. எப்படி இருக்கிறது உங்களுக்கு என்று வாக்கர் மேலும் கேட்கிறார். கடுங்கோபம் வருகிறது என்கிறார் நாகா. அப்படிப்பட்ட பதவியில் இருப்பவர் இத்தகைய மொழியைப் பயன்படுத்தலாம் என்று நினைப்பதுதான் கோபத்துக்குக் காரணம் என்கிறார். கருத்துச் சொல்ல நான் இங்கே இல்லை என்று தன்னைத் தானே நிறுத்தியும் கொள்கிறார்.

நேயர் ஒருவர் புகார் அனுப்பினார். செப்டம்பரில் பிபிசியின் புகார்ப் பிரிவு முடிவு சொன்னது: புகாரில் ஒரு பகுதி சரி, நாகா விதியை மீறிவிட்டார். அந்தச் சொற்கள் தன்னை எப்படிப் பாதித்தன என்று பேச அவருக்கு உரிமை உண்டு, ஆனால் அவற்றைச் சொன்னவரின் நோக்கத்தைப் பற்றிப் பேசியது தவறு என்பது அவர்கள் தந்த காரணம். முதல் புகாரில் வாக்கரும் குறிப்பிடப்பட்டிருந்தார் என்பது பின்னர் வெளியே வந்தது. கடைசிக் கட்டத்துக்கு வந்த புகார் நாகாவைப் பற்றியது மட்டுமே என்று நிறுவனம் விளக்கம் தந்தது. லென்னி ஹென்றி, கிருஷ்ணன் குரு-மூர்த்தி உள்ளிட்டோர் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். செப்டம்பர் 30 அன்று பிபிசியின் தலைமை இயக்குநர் டோனி ஹால் அந்த முடிவை ரத்து செய்தார்.

முடிவு ரத்தாகிவிட்டது. ஆனால் அதற்குச் சொல்லப்பட்ட காரணம் நாம் நிதானமாகப் படிக்க வேண்டிய ஒரு பனுவல். அதன் தர்க்கம் இது: உனக்கு நேர்ந்ததை நீ சொல்லலாம். அதை வைத்து ஒரு முடிவுக்கு நீ வரக் கூடாது. உன் வலி ஏற்கத்தக்கது, உன் தீர்ப்பு சார்புடையது. அனுபவத்தை உணர்ச்சியாக மட்டும் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு, அறிவாக்கிக்கொள்ள அனுமதி இல்லை.

தமிழிலக்கியம் படித்தவர்களுக்கு இந்தத் தர்க்கம் புதிதல்ல. பெண்ணின் கவிதைக்கு எழுதப்படும் மதிப்புரைகளைப் புரட்டிப் பாருங்கள். 'அனுபவத்தின் நேர்மையான வெளிப்பாடு' என்ற பாராட்டு தவறாமல் இருக்கும். எனக்கும் அது நிறையக் கிடைத்திருக்கிறது. அதே பெண் மரபைப் பற்றியோ சாதியைப் பற்றியோ ஒரு விமர்சனக் கட்டுரை எழுதட்டும், உடனே 'ஒருதலைப்பட்சம்' என்ற சொல் வந்துவிடும். அழுதால் கவிஞர், ஆராய்ந்தால் கட்சிக்காரர். தொலைக்காட்சித் திரையில் இதே பாகுபாடு ஒப்பனையோடு நடக்கிறது.

குற்றச்சாட்டு உடலுக்கே இறங்கிவிடும் நேரங்களும் உண்டு. 2015 ஆகஸ்ட் 6 அன்று ஃபாக்ஸ் நியூஸ் நடத்திய குடியரசுக் கட்சி வேட்பாளர் விவாதத்தில், பெண்களைப் பன்றி, நாய் என்றெல்லாம் டிரம்ப் அழைத்ததைப் பற்றி மெகின் கெல்லி கேட்டார். பெண்களைப் பற்றி ஒரு வேட்பாளர் பேசியதை அவரிடமே கேட்பது நெறியாளரின் வேலை. மறுநாள் டிரம்ப் தந்த பதிலில், கெல்லியின் கண்களிலிருந்தும் 'வேறெங்கிருந்தோவும்' ரத்தம் வந்துகொண்டிருந்தது. அடுத்த ஜனவரியில் கெல்லி நெறியாளராக இருந்த இன்னொரு விவாதத்தை, அவர் தனக்கு எதிரானவர் என்று சொல்லிப் புறக்கணித்தார். கெல்லி பெண்ணியவாதி அல்லர். அவர் வேலை பார்த்தது வலதுசாரிகளின் விருப்பமான தொலைக்காட்சியில். அவருடைய பல கருத்துகளோடு நமக்கு உடன்பாடு இருக்க முடியாது. அப்படிப்பட்டவரையும் 'சார்பு' என்ற குற்றச்சாட்டு மாதவிடாயின் வழியாகவே வந்து தொட்டது என்பதைக் கவனியுங்கள். கேள்வி தவறா என்ற விவாதம் நடக்கவே இல்லை.

இதற்கு மாறான ஒரு வழக்கையும் பார்க்க வேண்டும். 2020 மே 26 அன்று பிபிசியின் 'நியூஸ்நைட்' நிகழ்ச்சியை எமிலி மெய்ட்லிஸ் தொடங்கி வைத்தார். ஊரடங்கின்போது பிரதமரின் ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ் டரம் வரை பயணம் செய்தது பெரும் சர்ச்சையாகியிருந்தது. கம்மிங்ஸ் விதியை மீறினார், நாட்டுக்கே அது தெரிகிறது, அரசுக்குத் தெரியாதது நாட்டை அதிரவைக்கிறது என்ற பொருளில் மெய்ட்லிஸ் பேசினார். மறுநாளே, நடுநிலைக்கான அளவுகோலை அந்த முன்னுரை எட்டவில்லை என்று பிபிசி அறிவித்தது. இங்கே பேச்சு சொற்களைப் பற்றியது. விதி மீறப்பட்டதா என்பதை விதியை வைத்துச் சரிபார்க்கலாம். 'நாடு என்ன நினைக்கிறது' என்பதை ஒரு தொகுப்பாளர் தன் குரலில் சொல்வது வேறு வகை. அந்த வாக்கியத்தைக் கேள்வி கேட்பவரை நான் பெண் வெறுப்பாளர் என்று சொல்ல மாட்டேன். ஒரே இரவில் முடிவெடுத்த வேகத்தைப் பற்றி எனக்குக் கேள்விகள் உண்டு. ஆனாலும் புகார் சொற்களோடு நிற்கும்போது நாம் பதில் சொல்ல முடியும்.

இந்த வேறுபாடு இல்லாமல் நம் நாட்டுக்கு வந்தால் தடுமாறிவிடுவோம். 2023 செப்டம்பர் 14 அன்று எதிர்க்கட்சிகளின் 'இந்தியா' கூட்டணி 14 தொகுப்பாளர்களின் பெயர்களை வெளியிட்டு, அவர்களுடைய நிகழ்ச்சிகளுக்குத் தம் பிரதிநிதிகளை அனுப்பப் போவதில்லை என்றது. அவர்களில் 5 பேர் பெண்கள். பெண் என்பதாலேயே அவர்களுக்காக நாம் வாதாட வேண்டியதில்லை. சிறுபான்மையினர் மீது வெறுப்பை மூட்டும் விவாதத்தை ஒரு பெண் நடத்தினால் அது பெண்களின் முன்னேற்றம் ஆகாது. 2022 செப்டம்பரில் வெறுப்புப் பேச்சு வழக்குகளை விசாரித்த உச்ச நீதிமன்ற அமர்வு, தொகுப்பாளரின் பொறுப்பு மிகப் பெரியது என்று சுட்டிக்காட்டியதும் நினைவிருக்கலாம். அதே நேரம், அந்தப் பட்டியலில் பெயர்கள் மட்டுமே இருந்தன. எந்த நிகழ்ச்சி, எந்தக் கேள்வி, எந்த நாள் என்று இல்லை. பெயரை மட்டும் போட்டு 'சார்பு' என்று முத்திரை குத்தும் வழக்கம் ஒருமுறை நிலைபெற்றால், நாளை அது யார்மீது திரும்பும் என்று கணிக்கப் பெரிய ஞானம் வேண்டாம்.

தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கல். இங்கே எந்தத் தொலைக்காட்சி எந்தக் கட்சியோடு தொடர்புடையது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். 2007இல் கலைஞர் தொலைக்காட்சி தொடங்கியபோது அதன் பெயரே அதைச் சொன்னது. ஜெயா, மக்கள் தொலைக்காட்சி என்று அந்த வரிசை நீளும். உரிமையாளரின் சார்பைச் செய்தியைப் போல ஏற்றுக்கொண்டுவிட்ட நாம், திரையில் தெரியும் பெண்ணிடம் மட்டும் நடுநிலைக்குச் சான்றிதழ் கேட்கிறோம். விவாதத் தலைப்பும் விருந்தினர் பட்டியலும் பெரும்பாலும் ஆசிரியர் குழுவில் முடிவாகின்றன. நான்கு ஆண்கள் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு கத்த, நடுவில் ஒரு பெண் நெறியாளர் நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டிருப்பது மாலை நேரத்தின் பழகிய காட்சி. ஒருவரை நிறுத்தினால் அவருடைய கட்சிக்கு எதிரி. நிறுத்தாவிட்டால் திறமையில்லாதவள். வசையை வாங்கிக்கொள்வது அவள் முகம். தலைப்பை எழுதியவருக்கு முகமே கிடையாது.

திருக்குறளின் 12ஆம் அதிகாரம் நடுவு நிலைமை. நடுநிலைக்கு அங்கே உவமையாக வருவது துலாக்கோல். நாம் அதைப் படிக்கும்போது, சமமாக நிற்கும் தட்டுகளை மட்டுமே மனத்தில் வைத்துக்கொள்கிறோம். ஆனால் எடை வைக்கும்வரைதான் தராசு சமமாக நிற்க வேண்டும். ஒரு தட்டில் கனமான உண்மையும் மறு தட்டில் வெறும் சத்தமும் வைக்கப்பட்ட பிறகும் அசையாமல் நிற்கிற தராசைக் கடைக்காரரே தூக்கி எறிந்துவிடுவார். வந்த இடத்துக்குப் போ என்பதில் இனவெறி இருக்கிறது என்று நாகா சொன்னது, தராசு எடையைக் காட்டிய செயல். அதைக் கோணல் என்றவர்கள் எடை வைத்தவரைப் பற்றிப் பேசவில்லை.

என் மாணவிகளிடம் நான் கேட்பது இதுதான். ஒரு மாலை விவாதத்தைக் கையில் தாளும் பேனாவுமாகப் பாருங்கள். தலைப்பு கேள்வியா, கேள்வி வேடமிட்ட பதிலா? யாருக்கு எத்தனை நிமிடம்? யாருடைய பேச்சு எத்தனை முறை வெட்டப்பட்டது? ஒரு தரப்பிடம் கேட்ட ஆதாரத்தை மறு தரப்பிடமும் கேட்டார்களா? பொய் என்று தெரிந்த தகவல் திருத்தப்பட்டதா? இவற்றுக்கான விடைகளோடு வந்து ஒரு பெண் தொகுப்பாளர் சார்புடையவர் என்று நீங்கள் சொன்னால், அதை நான் ஏற்கத் தயார். அவளுடைய குரல், புடவை, சாதி, மதம், யாரை மணந்தாள் என்பவைதான் உங்கள் தாளில் இருக்கின்றன என்றால், நீங்கள் குறித்து வைத்திருப்பது உங்கள் சார்பை.